மாடிவீட்டுக் கருடன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவுக்கு முதல் மாடி எழுப்பியவர் சிரஸ்தார் சௌந்தரபாண்டியன். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். பென்ஷன் வாங்கிய பிறகும் தினமும் காலையில் வில்வண்டியைப் பூட்டச் சொல்லிக் கச்சேரி வாசல்வரை போவார். வேப்பமரத்தடியில் வண்டிக்குள்ளேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க வசதியாக இருக்குமே என்பது அவருடைய எண்ணம். இதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாடியில் நின்றால் ஒரு பக்கம் மலையும் இன்னொரு பக்கம் கோபுரமும் தெரியும் என்று சொல்லித்தான் அதைக் கட்டினார். தெரியத்தான் செய்தன. ஆனால் ஏறி நின்றவர்கள் கண்ணில் முதலில் படுவது, கொல்லையை ஒட்டி அவருடைய வண்டிக்காரன் தேவஇரக்கத்தின் ஓலைக்குடிசையும், அதன் வாசலில் குப்பையைக் கிளறும் ஒரு சாம்பல்நிறக் கோழியும்தான். கூப்பிட்ட குரலுக்கு வண்டிக்காரன் வரவேண்டும் என்பதற்காகச் சிரஸ்தார் குடியிருக்க விட்ட இடம் அது. வாடகை கிடையாது. வாடகை இல்லாததால் குடியிருப்பவர்களுக்கு வாயும் கிடையாது.

கோழி, தேவஇரக்கத்தின் மனைவி செல்லத்தாயுடையது. ஒரு காலத்தில் அவளிடம் கொல்லை நிறையக் கோழி நின்றது. துரைமார் வந்து தங்கும் பங்களாவின் பட்லர் முட்டைக்கும் விடைக்கோழிக்கும் அவளிடம்தான் ஆள் அனுப்புவான். வண்டிக்காரன் சம்பளத்தில் பாதி மாதத்துக்குத்தான் அடுப்பு எரியும். மீதி மாதத்துக்குக் கோழிகள் எரித்தன. போன கோடையில் ஒரு சீக்கு வந்தது. காலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற கோழி மத்தியானம் சாய்ந்தது. அத்தனையும் போய் இந்தச் சாம்பல் பெட்டை மட்டும் எப்படியோ தப்பியது. அக்கம்பக்கத்தில் சேவல் என்று ஒன்று மிஞ்சவில்லை. செல்லத்தாய் பெட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் தம்பி வீட்டுக்கு நடந்தாள். அங்கே இருந்த சேவலோடு சில நாள் விட்டுவைத்துத் திரும்பக் கொண்டுவந்தாள். இட்ட முட்டையில் ஒன்றைக்கூட விற்கவில்லை, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. சாம்பலும் வைக்கோலும் பரப்பி அடைவைத்தாள். குஞ்சு பொரித்தது. அவை பிழைத்தால் அந்த வீட்டில் மறுபடியும் கோழி உண்டு. போய்விட்டால் கோழி என்ற பேச்சே இல்லை.

குஞ்சு பொரித்த அதே வாரத்தில்தான் சிரஸ்தார் வீட்டுக் கிரகப்பிரவேசமும் வந்தது.

ஓமம் முடிந்து கலசத் தண்ணீரை மாடிச் சுவரில் தெளிக்கிற நேரத்தில் வானத்தில் ஒரு கருடன் வந்து வட்டமிட்டது. செம்மண் நிற இறக்கை, வெள்ளைக் கழுத்து. கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடக்கும்போது கருடன் வந்தால் தெய்வம் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்பது ஊர் அறிந்தது. குடியிருக்கிற வீட்டுக்கு வந்து வட்டமிட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிரஸ்தார் அண்ணாந்து பார்க்கவில்லை. எதிர்பார்த்த மேலதிகாரி வந்துவிட்டதைப்போல லேசாகத் தலையை மட்டும் தாழ்த்தினார். கருடன் சுற்றிச் சுற்றித் தாழ்ந்து, கொல்லைப்பக்கம் இறங்கி, மறுபடி ஏறிப் போயிற்று. அது இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். எதற்கு இறங்கியது என்பதைச் செல்லத்தாய் மட்டும் பார்த்தாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. உச்சி வெயில் ஏறும் நேரத்துக்குத் தெருவில் ஆள் கூட ஆரம்பித்தது. சிரஸ்தாரின் கூடவே இருக்கும் குருசாமி வந்தவர்களுக்கு நிற்க இடம் காட்டினான். குருசாமிக்கு உத்தியோகம் என்று ஒன்றும் கிடையாது. சிரஸ்தார் சொன்னதை இரண்டாவது தடவை சொல்வதுதான் அவன் வேலை.

அது மழை பொய்த்த வருஷம். பெரிய கண்மாய் வெடித்துக் கிடந்தது. மீனும் தவளையும் தின்று வளர்ந்த பறவைகளுக்குத் தெருவை விட்டால் வேறு வழியில்லை. மலையடிவாரத்தில் சுனை வற்றி, நரி விடியற்காலையில் குப்பைமேடுவரை வந்தது. கீரி சுவரோரம் ஓடிற்று. மரநாய் ஓலைக்கூரையில் குடிவந்தது. இவை எல்லாமே கோழி தின்கிறவை. அதில்கூடச் செல்லத்தாய்க்கு அவ்வளவு வருத்தமில்லை, அவற்றின் வயிறு அப்படி. ஆனால் அவற்றில் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் அந்தத் தெருவில் ஏதோ ஒரு மரியாதை இருந்தது. நரி முகத்தில் விழித்தால் அன்றைக்கு வியாபாரம் ஓகோ என்று நடக்கும் என்று கடைக்காரர்கள் விடியுமுன்பே குப்பைமேட்டுக்கு வந்து காத்து நின்றார்கள். கீரி குறுக்கே போனால் வழக்கு ஜெயம் என்று கோர்ட்டுக்குப் போகிறவர்கள் அதற்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் விளக்குமாற்றை ஓங்கினால் யாராவது ஒருவர் "ஏட்டி, ஏட்டி" என்று கையைப் பிடித்தார்.

"மரநாய்க்கு மட்டுந்தான் இன்னும் ஒரு பட்டமும் கெடைக்கல" என்றாள் ஹபீபுன்னிசா. ஜவுளி வியாபாரி சேக் முகைதீனின் மனைவி. அடுத்த வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் ஏறி நின்று, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவாள். "அதுக்கும் ஒரு நாளு குடுத்துருவாக. பொறு."

"நீங்க சிரிக்கிய, அக்கா. இன்னைக்கும் ஒண்ணு போச்சு. நல்ல பொட்டக்குஞ்சு."

"பொரிச்சு ஒரு வாரங்கூட ஆவல. அதுக்குள்ள பொட்டையா சேவலான்னு ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"போனதெல்லாம் பொட்டைன்னுதான் எனக்குத் தோணுது."

"ஒரு கட்டியெடுத்து எறிஞ்சா என்ன? எங்க அம்மா வீட்ல பருந்து வந்தா தகரத்தத் தட்டுவோம்."

"பருந்துன்னு சத்தமாச் சொல்லாதிய. குருசாமி காதுல விழுந்துறப்போவுது."

ஆனால் மறுநாள் மத்தியானம் செல்லத்தாய் எறிந்தாள். கருடன் குஞ்சைத் தூக்கிக்கொண்டு கூரை உயரம் எழும்பும்போது, கையில் அகப்பட்ட மண்ணாங்கட்டியை வீசினாள். படவில்லை. இறக்கையை ஒட்டிப் போய்ச் சிரஸ்தாரின் புதுச் சுவரில் விழுந்து, வெள்ளையடித்த இடத்தில் ஒரு கறையை வைத்தது. கருடன் அதிர்ந்து குஞ்சை விட்டது. விழுந்த குஞ்சு இரண்டு தடவை இறக்கையை அடித்துவிட்டு அடங்கிற்று. தெருவில் நின்றவர்கள் குஞ்சைப் பார்க்கவில்லை. மண்ணாங்கட்டியைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்கள். சிரஸ்தார் முன்கட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் குருசாமி நின்றான். தேவஇரக்கம் வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல எட்டவே நின்றுகொண்டான்.

"செல்லத்தாயி, இன்னைக்குப் பகல்ல நீ மேற்படி கருடன் மேல மண்ணாங்கட்டி எறிஞ்சதா ஒரு புகார் வந்திருக்கு. எறிஞ்சது உண்டா, இல்லையா?"

"குஞ்சத் தூக்கிட்டுதுங்கய்யா, அதான்."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு."

"கேட்ட கேள்விக்கு மட்டும்" என்றான் குருசாமி.

"எறிஞ்சது உண்டுங்கய்யா."

"அந்தக் கருடன் என் வீட்டுக்கு வருது. ஒன் வீட்டுக்கு இல்ல. வெளங்குதா?"

"எறங்குறது என் வீட்லதானங்கய்யா."

"ஒன் வீடு யார் எடத்துல இருக்கு?"

"ஐயா எடத்துல."

"அப்ப யார் வீட்டுக்கு வருது?"

செல்லத்தாய் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். அதற்குப் பதில் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் வாய்க்கு வரவில்லை. சிரஸ்தார் முப்பது வருஷம் கச்சேரியில் இப்படியே கேட்டுக் கேட்டு, எதிரே நின்றவர்களுக்குப் பதில் வராமல் பார்த்துக்கொண்டவர்.

"குஞ்சுகள என்னய்யா செய்யட்டும்?"

"அது பகவானுக்கும் குஞ்சுக்கும் உள்ள விவகாரம். எங்க வீட்ல முட்டை ஓட்டக்கூட மிதிக்கமாட்டோம். உயிர் விசயத்துல நான் ஒரு அபிப்பிராயமும் சொல்றதுக்கில்ல. கல்லு மட்டும் எறியப்படாது."

"எறியப்படாது" என்றான் குருசாமி.

வீட்டுக்கு வந்ததும் செல்லத்தாய் பரணிலிருந்து பஞ்சாரத்தை இறக்கினாள். மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை. கவிழ்த்தால் தாயும் குஞ்சுகளும் உள்ளே அடங்கும். கருடனை விரட்டக்கூடாது என்றுதான் உத்தரவு. குஞ்சை மூடக்கூடாது என்று இல்லை.

மூடுவது லேசு. மூடிய குஞ்சுக்குத் தீனி போடுவதுதான் பாடு. கிளறித் தின்கிற சாதியை ஒரு கூடைக்குள் வைத்தால், அது கிளறியிருக்க வேண்டியதை எல்லாம் மனுஷி கிளற வேண்டும். கம்பு விற்கிற விலையில் அதைக் குஞ்சுக்குப் போட முடியாது. அவர்களே கூழைத் தண்ணீர்விட்டு நீட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய் கரையான் பிடித்தாள். பழைய மண்கலயத்தில் காய்ந்த சாணியும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றோரம் கவிழ்த்து வைத்துவிட்டு வரவேண்டும். விடிந்து போய் எடுத்தால் உள்ளே வெள்ளையாகக் கரையான் அப்பியிருக்கும். அந்த வருஷம் கரையானும் ஆழத்துக்குப் போய்விட்டது. பக்கத்துப் புற்றில் ஏறவில்லை என்று கண்மாய்க்கரைக்கு நடந்தாள். அங்கேயும் ஏறவில்லை என்று மலைப்பாதைப் பக்கம் போனாள். தெளிக்கிற தண்ணீரைக்கூட ஊர்க்கிணற்றில் வரிசையில் நின்று இறைத்துச் சுமந்தாள். கலயத்தைத் தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கொத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் உட்காருவாள். அதுதான் அவளுக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஓய்வு.

குஞ்சுகள் மூடப்பட்ட மறுநாள் கருடன் வந்தது. வட்டமிட்டது. இறங்காமல் போயிற்று. அதற்கு அடுத்த நாள் வட்டமும் குறைந்தது. பிறகு வரவில்லை.

தெருவில் கூடியவர்கள் முதல் நாள் வெகுநேரம் நின்றார்கள். குருசாமி குடையை மடக்கி வானத்தின் ஒவ்வொரு மூலையாகக் காட்டினான். அது தெரிகிறதா, இது தெரிகிறதா என்றான். காக்கை தெரிந்தது. மறுநாள் கூட்டம் பாதியாயிற்று. திதி சரியில்லை என்றான் குருசாமி. அதற்கும் மறுநாள் வந்தவர்கள் வழிப்போக்கர்கள். அவர்களும் கூட்டம் எதற்கு என்று விசாரிக்கத்தான் நின்றார்கள். கச்சேரி வாசலில் வில்வண்டி நின்றபோது, உள்ளேயிருந்து ஒரு குமாஸ்தா வெளியே வந்து, முதல் தடவையாக ஒரு சந்தேகம் கேட்டார்: "கருடாழ்வார் வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிட்டாராமே?"

அன்றைக்குச் சிரஸ்தார் மாடியில் தனியாக ஏறினார். வானத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார். வீடு கட்டிய நாள்முதல் அவர் மாடியிலிருந்து கீழே பார்ப்பது அதுதான் முதல் தடவை. பஞ்சாரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சிரஸ்தார் சொல்லாததையும் குருசாமி இரண்டாவது தடவை சொல்லக்கூடியவன்.

"ஏட்டி செல்லத்தாயி, வாயில்லாச் சீவன்கள இப்பிடி அடைச்சுப் போடுறியே. பாவமில்லையா?" என்று மறுநாள் கொல்லைக்கு வந்தான்.

"தொறந்துவிட்டாத்தான் பாவம்."

"வெயில் படாம குஞ்சு எப்பிடி வளரும்? ஐயாவே வருத்தப்பட்டாக."

"உயிர் விசயத்துல அபிப்பிராயம் சொல்லமாட்டேன்னாகளே."

"இது அபிப்பிராயம் இல்ல. இரக்கம்."

"இரக்கம் இந்தா வண்டியில போயிருக்காக. வந்தா அவியகிட்டச் சொல்லு" என்று செல்லத்தாய் கலயத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சிரஸ்தாருக்கு அவசரம் வந்ததற்குக் காரணம் சோழபுரம் மிராசுதார். சிரஸ்தாரின் மகன் எஃப்.ஏ. பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பரீட்சைதான் சரியில்லை என்று திரும்பி வந்தவன். அவனுக்குத் தன் மகளைக் கொடுக்க மிராசுதார் பாதி மனசாக இருந்தார். சோழபுரத்தில் பாதிக் கிணறு அவருடையது. பெருமாள் பக்தர். கருடன் வீடு தேடி வருகிற குடும்பம் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அந்தப் பாதி மனசும் வந்தது. வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து கருட தரிசனம் பண்ணிவிட்டு, அங்கேயே வெற்றிலைபாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆள் விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவஇரக்கம் குடிசைக்கு வந்தபோது, செல்லத்தாய் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கருவாடு வாலும் தலையும்தான். குழம்பில் புளிதான் அதிகம். அவன் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"சொல்லுங்க" என்றாள் அவள்.

"என்னத்த?"

"மொகத்துல வேர்வ இல்ல. அத ரெண்டு தடவ தொடைச்சாச்சு. சொல்ல வந்தத சொல்லுங்க."

"நாளைக்கு மிராசுதார் வாராக."

"வரட்டும்."

"உச்சிப்பொழுதுக்கு. செத்த நேரந்தான் நிப்பாக."

"நிக்கட்டும். எனக்கென்ன?"

"அந்த நேரத்துக்கு மட்டும், செத்த, பஞ்சாரத்தத் தூக்கி வச்சா..."

செல்லத்தாய் துடுப்பை நிறுத்தவில்லை. "ஐயா சொன்னாகளா?"

"ஐயா எப்பிடிச் சொல்லுவாக? ஐயா வண்டியில ஏறுறப்ப, 'ஏலே இரக்கம், நீ நல்லா இருக்கணும்னு நான் நெனைக்கேன்'னாக. எறங்குறப்ப, 'வண்டிக்கு வேற ஆளு வேணுமான்னு ஒருத்தன் கேட்டான், நான் இன்னும் ஒண்ணும் சொல்லல'ன்னாக. அம்புட்டுத்தான். பஞ்சாரம்னு ஒரு வார்த்த அவுக வாயில வரல."

"அப்ப நீங்களாத்தான் பஞ்சாரத்தச் சொல்லுதிய."

"எனக்குப் புரியாதாட்டி? எத்தன வருசமா அந்த மனுசன சொமக்கேன்."

"மாடு சொமக்கு. நீங்க ஓட்டுதிய."

களி பிரிந்து வந்தது. அவள் அதைத் தட்டில் உருட்டிப்போட்டு, நடுவில் குழித்துக் குழம்பு ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணுதானட்டி எடுக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணு. இருக்கிறதுல நோஞ்சானா ஒண்ண வெளிய விட்ரு. மத்தத மூடி வச்சிரு."

"நோஞ்சான் எதுன்னு நீங்க சொல்லுங்க. எல்லாத்தையும் கரையான் போட்டு ஒரே மாதிரி ஆக்கி வச்சிருக்கேன். இந்தக் காலப் பாருங்க." பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். மலைப்பாதைக் கல் கிழித்த கோடுகள். "பாதி குஞ்சு போயாச்சு. மிச்சத்துல எம்புட்டுச் சேவலோ, எம்புட்டுப் பொட்டையோ. இதுல ஒண்ணு போனாலும் அது பொட்டையா இருந்துட்டா என்ன செய்ய? திரும்ப ராஜபாளையத்துக்கு நான் இடுக்கிக்கிட்டு நடக்கணும். நீங்க ஐயா வீட்டு வண்டியில கொண்டுபோய் விடுவியளா?"

"வேல போச்சுன்னா வீடும் போச்சுல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"ஐயா வந்து சொல்லட்டும். பருந்துக்காகக் குஞ்சத் தொறந்துவிடுன்னு அவுக வாயால சொல்லட்டும். சொல்லிட்டா நானே தூக்குதேன்."

தேவஇரக்கம் களியைப் பிட்டு வாயில் போட்டவன் விழுங்க மறந்து அவளைப் பார்த்தான். "அது எப்பிடிட்டி அவுக சொல்லுவாக?"

"எனக்கும் அதான் தெரியணும்."

சனிக்கிழமை மிராசுதார் இரட்டைமாட்டு வண்டியில் பெண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். சிரஸ்தார் வீட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. மிராசுதார் ஆள் பருமன். மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். மேலே பாய் விரித்து, பானகம் கொடுத்து, வடக்குப் பார்த்து உட்காரவைத்தார்கள். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மேகம்கூட இல்லை.

"வழக்கமா இந்நேரம் வந்துரும்" என்றார் சிரஸ்தார்.

"வந்துரும்" என்றான் குருசாமி.

மிராசுதாரின் மனைவி பானகத்தை இரண்டாம் தடவை குடித்தாள். குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. மிராசுதார் மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்துப் பொடி போட்டுவிட்டு, "நாம புறப்படுறதுக்கு வெயில் தாழணும்" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். அந்தப் பேச்சின் அர்த்தம் சிரஸ்தாருக்குத் தெரியும். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, ஏதோ காரியமாக இறங்குகிறவர்போலக் கீழே இறங்கினார்.

கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு அவர் குடிசை வாசலுக்கு வந்ததைத் தேவஇரக்கம் பார்த்து எழுந்தான். அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் செல்லத்தாய் குத்தவைத்திருந்தாள், அவளும் எழுந்தாள்.

"என்ன செல்லத்தாயி, சௌக்கியமா இருக்கியா?"

"இருக்கேங்கய்யா."

"குஞ்சுகளுக்குக் காத்து வேணாமா?"

"பஞ்சாரத்துல ஓட்ட இருக்குங்கய்யா. காத்து போகும்."

"வெயிலு?"

"அதும் போகும்."

சிரஸ்தார் மாடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சந்தர்ப்பத்துல, பொதுநன்மைய உத்தேசிச்சு, செத்த நேரம் இத அப்புறப்படுத்தி வைக்கிறதுல ஒனக்கு ஆட்சேபணை உண்டா?"

"எதுக்குங்கய்யா அப்புறப்படுத்தணும்?"

"எதுக்குன்னா? ஒரு முகாந்திரமாத்தான்."

"முகாந்திரத்தச் சொல்லுங்க. சொன்னாத் தூக்கிருதேன்."

சிரஸ்தார் வாயைத் திறந்தார். கச்சேரியில் முப்பது வருஷம் பேசிய அத்தனை வார்த்தைகளும் அந்த வாயில் இருந்தன. அவற்றில் பருந்து என்ற வார்த்தை இல்லை. கோழிக்குஞ்சு என்ற வார்த்தையும் இல்லை. இரண்டும் இல்லாமல் அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு வழி தெரியவில்லை. மதிலுக்கு மேலே ஹபீபுன்னிசாவின் முக்காடு தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார்; தேவஇரக்கத்தைப் பார்த்தார்; அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று சிரஸ்தார் குனிந்தார். முட்டை ஓட்டை மிதிக்காத வம்சத்தில் வந்தவர், பஞ்சாரத்தின் உச்சியைத் தன் கையாலேயே பிடித்துத் தூக்கி எறிந்தார்.

தாய்க்கோழி ஒரே எழும்பில் அவர் மார்பில் பாய்ந்தது. அங்கவஸ்திரம் மண்ணில் விழுந்தது. தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்தது. அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார். குஞ்சுகள் சிதறின. செல்லத்தாய் சேலையை விரித்துக்கொண்டு தரையோடு தரையாக ஓடினாள். "பே, பே, பே" என்று கூப்பிட்டாள். தேவஇரக்கம் பஞ்சாரத்தைத் தேடி எடுத்தான்.

கருடன் எங்கே இருந்ததோ, எந்தப் பனையில் உட்கார்ந்து இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்ததோ. நிழல் ஒன்று வாசலைக் குறுக்கே கடந்தது. அவ்வளவுதான். வேலியோரம் போன குஞ்சு இல்லை.

செல்லத்தாய் அண்ணாந்து பார்த்தாள். மிராசுதார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நேராகக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரஸ்தார் கீழே போனது, பஞ்சாரத்தைத் தூக்கியது, கோழி அடித்தது, கருடன் எடுத்தது, எல்லாவற்றையும் பார்த்திருந்தார். சிரஸ்தாரும் அதைக் கண்டுகொண்டார். சரிந்த தலைப்பாகையோடு அப்படியே நின்றார். செல்லத்தாய்க்கு ஒரு கணம், போன குஞ்சு போகட்டும் என்றுகூட இருந்தது.

மிராசுதார் இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தார்.

"இதுல்லா கைங்கரியம்" என்றார். "கொடுக்கிறவுகள நான் பாத்திருக்கேன். தன் குல ஆசாரத்தையே தள்ளி வச்சுட்டு, தன் கையாலயே எடுத்து ஆழ்வாருக்குப் படைக்கிறவுகள இன்னைக்குத்தான் பாக்கேன். பொண்ணு ஒங்க வீட்டுப் பொண்ணு, சம்பந்தி."

சிரஸ்தாருக்கு ஒரு விநாடிதான் பிடித்தது. அங்கவஸ்திரத்தை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினார்.

"ஆழ்வாருக்குத் தன் கையாலயே" என்றான் குருசாமி.

சாயங்காலம் தேவஇரக்கம் வெற்றிலை வாயோடு வந்தான். தோளில் ஒரு புது வேட்டி. உட்காராமலே சொல்ல ஆரம்பித்தான்.

"ஐயாவுக்கு ஏக சந்தோசம்ட்டி. வேட்டி அவுகளே எடுத்துக் குடுத்தாக. வேலைக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்கும் ஒண்ணும் இல்ல. இனி தெனமும் உச்சிக்கு ஐயாவே வந்து பஞ்சாரத்தத் தூக்குவாகளாம். அத ஒரு நேமமா வச்சுக்கிடப் போறாகளாம். நீ ஒண்ணுஞ் செய்யாண்டாம். சும்மா நின்னாப் போதும்."

"தெனமும் ஒண்ணா?"

"தெனமும்னா, அதுக்கு மனசிருந்தா எடுக்கும்."

"தீந்துபோனா?"

"வேற குஞ்சு வாங்கிக்கிடலாம்னாக."

"யாரு வாங்க?"

தேவஇரக்கம் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினான். "அத அவுக சொல்லல. நானும் கேக்கல. கலியாண சந்தோசத்துல இருக்கிற மனுசங்ககிட்ட அதப் போய்க் கேப்பாகளா?"

செல்லத்தாய் அவனுக்குக் கஞ்சி ஊற்றி வைத்தாள். அவன் குடித்துவிட்டு, புது வேட்டியை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தான்.

விடியற்காலையில் அவள் எழுந்து பனையோலைக் கடகப்பெட்டியில் வைக்கோல் பரப்பிக் குஞ்சுகளை விட்டாள். மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்துச் சணல் கயிற்றால் கட்டினாள். தேவஇரக்கம் எழுந்து உட்கார்ந்து பார்த்தான்.

"தம்பி வீட்டுக்குப் போறேன். அங்க சந்தப்பேட்டைப் பக்கம் காலி மனை ஒண்ணு இருக்குன்னான். கூரை போட்டுக்கிடலாம்."

"ஐயா உச்சிக்கு வருவாகளே."

"வந்தா வானத்தப் பாக்கச் சொல்லுங்க."

"நான் என்ன செய்யட்டும்?"

"வண்டிக்கு வேற ஆளு இருக்குன்னாகல்ல. பொறவு வாங்க."

அவன் எழுந்து வந்தான். கடகத்தைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டான். மாட்டுக்கொட்டகையில் மாடு கனைத்தது. அந்தப் பக்கம் திரும்பினான். ஹபீபுன்னிசா மதிலுக்கு மேலாக ஒரு சிறு மூட்டையை நீட்டினாள். நொய்யரிசி. "குஞ்சுக்கு" என்றாள். "நீ தின்னுறாத." செல்லத்தாய் அதை மடியில் கட்டிக்கொண்டு, தாய்க்கோழியைக் கக்கத்தில் இடுக்கி, தெருவைக் கடந்து ராஜபாளையம் சாலையில் ஏறினாள்.

வெயில் சீக்கிரமே வந்தது. சாலையோரப் புளியமரங்கள் இலை உதிர்த்து நின்றன. வழியெல்லாம் வெட்டவெளிக் கரிசல், வெடிப்பு வெடிப்பாக. தலைக்கு மேலே குஞ்சுகள் ஓயாமல் கத்திக்கொண்டு வந்தன. கடகத்தை ஒரு கையால் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கோழி. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

பாதி தூரம் வந்திருப்பாள். எதிரே கோயிலுக்குப் போகிற ஒரு பெரியவர், நெற்றியில் நாமமும் தோளில் மூட்டையுமாக வந்தவர், நடுச்சாலையில் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். செல்லத்தாய் கடகத்தைச் சாய்க்காமல் மெல்லக் கண்ணை மட்டும் உயர்த்தினாள். செம்மண் நிற இறக்கை. வெள்ளைக் கழுத்து. மாடிவீட்டுக் கருடனோ, ராஜபாளையத்துக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறதோ. நிதானமாகச் சுற்றிச் சுற்றித் தாழ்ந்துகொண்டிருந்தது.

"தாயீ, நீ புண்ணியவதி" என்றார் பெரியவர். "ஒன் தலைக்கு நேரா நின்னு வட்டம் போடுது பாரு."

"புண்ணியத்த நீங்களே எடுத்துக்கிடுங்கய்யா" என்றாள் செல்லத்தாய். "எனக்கு ரெண்டு கையும் சோலியா இருக்கு. அந்தா ஒங்க காலடியில கெடக்குற கல்ல எடுத்து ஒரு எறி எறிஞ்சு விடுங்க."

பெரியவர் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.